கிராம்பு யார் சொல் கேட்கும்

வண்டன்மேடு
ஜூன் 12, 2024

ஆர்த்தி,

இதைப் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா புரளும் சத்தம் கேட்டால் அணைத்துவிடுவேன். கோணலாக இருக்கும் வரிகள் எல்லாம் இருட்டில் எழுதியவை.

போன் கிடையாது. அதை அப்பா தான் ஓட்டும் எஸ்டேட் ஜீப்புக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார். மீனாட்சிபுரத்தில் அத்தை வீட்டிலிருந்து என்னைக் கூட்டிவந்த அன்று, இங்கே வந்ததும் என் பையைத் தலைகீழாகக் கொட்டினார். நம் சனிக்கிழமை ஆட்டத்தின் தாள் வெளியே விழுந்தது. ஆட்டக் கதையில் நான் வேடமேற்கும் நீலியின் தாள்தான். மேலே நான் வரைந்த செந்நாய்க் குட்டி கிராம்பு, கீழே அவளுக்குத் தெரிந்த மந்திரங்களின் பெயர்கள்.

"என்ன புள்ள இது? பிசாசுக்குப் பேரு எழுதி வச்சிருக்கே?"

"விளையாட்டுப்பா. உட்கார்ந்து கதை சொல்லி விளையாடுறது."

"கதையில எதுக்கு மந்திரம்?"

உன் நாராயண் அண்ணன் இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பார். அப்பா அந்தத் தாளை ஜெபக் கூட்டம் நடத்தும் பாண்டித்துரை ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஐயா அதைக் கையில் வாங்காமலே படித்தாராம். அன்று சாயங்காலம் தாளும் இருபது முக டைஸும் அடுப்புக்குள் போயின. தாள் உடனே எரிந்தது. டைஸ் உருகி நாற்றமடித்தது. அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

இனி அத்தை வீடு இல்லை. பத்தாம் வகுப்பு இங்கேதான்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கிராம்பு எங்கே? நான் வராத சனிக்கிழமைகளில் நீலி என்ன ஆவாள், அவளுடைய நாய் என்ன ஆகும்? முதல் லெவலில் நீலிக்கு அம்பைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது, கிராம்புக்குச் செருப்பைக் கடிக்க மட்டும்தான் தெரியும். நான் ஒரு லெவல் ஏறினால் அதுவும் ஒன்று ஏறியது. மூன்றாம் லெவலில் தானே மோப்பம் பிடித்து உப்புத் திருடனைக் காட்டிக்கொடுத்ததே, மறந்திருக்க மாட்டாய். காட்டுக்குப் போய்விட்டது என்று மட்டும் எழுதிவிடாதே.

பதிலை என் பெயருக்கு அனுப்பாதே. என் வகுப்பில் லிஜி என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மாவின் தையல் கடை விலாசம் பின்னால் இருக்கிறது. நம்பலாம் என்றுதான் நினைக்கிறேன்.

ஜிஸ்மி


மீனாட்சிபுரம்
ஜூன் 23, 2024

ஜிஸ்மிக்கு,

தபால்காரர் மாட்டுக் கொட்டகைக்கே வந்து கொடுத்தார். எங்கள் வீட்டுக்குக் கடிதம் என்றாலே பேங்க் நோட்டீஸ்தான் என்று அம்மாவுக்கு நடுக்கம். உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "இதென்னடி கோழி கிளறுன மாதிரி இருக்குது, அந்த மலைக்காரப் புள்ளையா?" என்றாள். உன் அப்பா செய்ததைக் கேட்டதும், "போச்சாது உடு, புள்ள சோறு திங்குதான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன்.

நீலி சாகவில்லை. காய்ச்சல் வந்து மலையடிவாரச் சத்திரத்தில் படுத்திருக்கிறாள் என்று அண்ணன் கதையில் வைத்துவிட்டான். கதையை நடத்துகிறவன் அவன்தானே, அவன் சொன்னதுதான் நடக்கும். கிராம்பை என்ன செய்வது என்று கேட்டபோது சுஜின், "காட்டுல உட்ருங்கண்ணா, கறிச் செலவாவது மிச்சம்" என்றான். அவன் ஆடும் மந்திரவாதிக்கும் அவனைப் போலவே இரக்கம் கிடையாது. நான்தான், மழுவரசி கூட்டிக்கொண்டு போகட்டும் என்றேன். என் மழுவரசிக்குக் கோடாரியைத் தவிரச் சொந்தம் என்று ஒரு கோழிகூட இல்லையே.

முதல் வாரம் கிராம்பு கடித்தது. எனக்கு டைஸில் மூன்றுதான் விழுந்தது. அண்ணன், "கட்டைவிரல்ல ரத்தம்" என்றான். அடுத்த வாரம் முயல் சுட்டுப் பாதியைத் தூரத்தில் வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பி உட்கார்ந்தேன். பதினெட்டு! வந்து தின்றது. தின்றுவிட்டு என் காலில் தலையை வைத்துப் படுத்தது. நேற்று நான் கூப்பிட்டதும் ஓடியே வந்தது.

நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆர்த்தி


வண்டன்மேடு
ஜூலை 2, 2024

ஆர்த்தி,

சந்தோஷம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். தாளில் ஓட்டை விழுந்துவிட்டது. அதனால் இது புதுத் தாள்.

காலில் தலையை வைத்தது என்று அண்ணன் சொன்னாரா, நீயாகச் சேர்த்துக்கொண்டாயா? எனக்குத் தெரிய வேண்டும். என்னிடம் அது அப்படிப் படுக்க நான்கு சனிக்கிழமை ஆனது. உன்னிடம் இரண்டாவது வாரத்திலேயே படுத்துவிட்டதா?

உனக்கு ஏழு மாடுகள் இருக்கின்றன. கொட்டகையில் நீ தும்மினால்கூட ஏழும் திரும்பிப் பார்க்கும், நானே பார்த்திருக்கிறேன். இங்கே எங்களுக்கு நாய் வளர்க்க அனுமதி இல்லை. லயத்தில் வரிசையாக வீடுகள், முன்னால் ஒரே வாசல், யாருடைய நாய் குரைத்தாலும் சண்டைதான். எனக்கு இருந்தது அது ஒன்று. அதுவும் உன் வீட்டுத் தவிட்டு மூட்டை மேல், டைஸ் உருளும்போது மட்டும் இருந்தது.

நான் நிறுத்தப் போவதில்லை. கடிதத்திலேயே ஆடுகிறேன். நீலி என்ன செய்ய வேண்டும் என்று அண்ணன் கேட்கட்டும், நான் எழுதுகிறேன். டைஸுக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன். யாரிடமும் சொல்லாதே.

எங்கள் வீட்டில் ஒரு வாக்குத்தத்தப் பெட்டி இருக்கிறது. ரொட்டி மாதிரி செய்த பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே வசனம் அச்சடித்த சின்னச் சின்ன அட்டைகள். காலையில் ஆளுக்கு ஒன்று எடுத்துப் படிப்போம். அன்றைக்கு ஆண்டவர் நமக்குச் சொல்வது அது. கிழிந்தது, தொலைந்தது போக நல்ல அட்டைகளில் இருபதை மட்டும் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் ஒன்று முதல் இருபது வரை எழுதிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அதுதான் என் டைஸ். அப்பா கண் முன்னாலேயே எடுக்கலாம்.

பாவமா என்று தெரியவில்லை. ஆனால் எழுதினேன்.

கிராம்புக்கு முயல் கொடுக்காதே. அதற்குக் கருவாடுதான் பிடிக்கும்.

ஜிஸ்மி


மீனாட்சிபுரம்
ஜூலை 14, 2024

ஜிஸ்மி,

கருவாடெல்லாம் உன்னோடு இருந்தபோது. இப்போது மான் தின்கிறது.

நீ கேட்டதை அண்ணன் ஒத்துக்கொண்டான். அதுவும் எப்படி! உன் கடிதத்தில் ஆட்டம் சம்பந்தப்பட்ட பகுதியை நான் படித்ததும் கை தட்டினான். "பாத்தியா, ஆடறதுன்னா இப்படி ஆடோணும்" என்றான். சுஜின்தான் விடவில்லை. "அவ எந்த அட்டைய எடுத்தான்னு நாம பாத்தமா? எல்லாத்துக்கும் இருபதுன்னு எழுதி அனுப்பினா என்ன பண்றது?" என்றான். பெட்டியைப் பற்றி நான் சொல்லவில்லை, அட்டை என்று மட்டும் சொன்னேன். உனக்காக நான்தான் சத்தியம் செய்தேன். "அவ பொய் எழுத மாட்டா. எழுதினா எழுத்து இன்னும் கோணலாப் போயிரும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் உனக்கு இரண்டு கேள்வி கேட்கிறான். ஒன்று, காய்ச்சல்: பத்து அல்லது அதற்கு மேல் எடுத்தால் நீலி எழுந்து உட்காரலாம். இரண்டு, எழுந்து உட்கார்ந்தால் என்ன செய்வாள்? கிராம்பை அழைக்க விசில் அடிப்பதென்றால் பதினைந்து வேண்டுமாம். நடுவில் ஒரு மலை இருக்கிறதே.

நான் ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டேன். அதனால் கிராம்பும் ஐந்து. உனக்குப் பார்க்க வேண்டும் போல இருக்கும், அதனால் சொல்கிறேன்: முதுகு என் இடுப்பு வரைக்கும் வருகிறது. வால் நுனி கறுத்துவிட்டது. ஓடும் தண்ணீரில்கூட மோப்பம் பிடிக்கிறது. நான் தூங்கும்போது, சொல்லாமலே காவல் நிற்கிறது. உன்னிடம் இருந்தபோது மடியை விட்டு இறங்காது, ஞாபகம் இருக்கிறதா?

ஆர்த்தி


வண்டன்மேடு
ஜூலை 24, 2024

ஆர்த்தி,

ஞாபகம் இருக்கிறது.

முதலில் இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாளாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

காலை ஜெபம் முடிந்த பிறகும் நான் சாயங்காலங்களில் பெட்டியிலிருந்து அட்டை எடுத்துப் பார்ப்பேன். பழகிக்கொள்ளத்தான், எந்த எண் அடிக்கடி வருகிறது என்று பார்க்கத்தான். ஒரு நாள் அப்பா கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தினமும் எடுக்கியாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அம்மாவிடம் போய், "அன்னாள், புள்ளைய அங்கிருந்து கூட்டிட்டு வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு, பாரு" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியைக் கூட்டத்துக்கே கொண்டுபோய்விட்டார். பாண்டித்துரை ஐயா ஓர் அட்டையை எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பினார்.

"இது என்னம்மா நம்பர்?"

வாயில் வந்ததைச் சொன்னேன்: "மனப்பாடம் பண்றதுக்கு, ஐயா."

"அப்படியா? அப்ப ஒம்பதாம் நம்பர் சொல்லு பாப்போம்."

சொன்னேன். ஒன்பதுதான் எனக்கு அடிக்கடி வரும் எண். பதினாலு கேட்டார், அதையும் சொன்னேன். நாலு கேட்டார். ஆர்த்தி, எனக்கு எல்லாமே தெரிந்திருந்தது! ஆட்டத்துக்காக எடுத்து எடுத்து வசனம் முழுக்க மனதில் ஏறியிருக்கிறது. ஐயா எழுந்து நின்று, நம் பிள்ளைகள் எல்லாரும் இப்படி நம்பர் போட்டுப் படிக்க வேண்டும் என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடலாமா என்று இருந்தது.

பிறகு ஐயா எல்லாரையும் ஆளுக்கு ஓர் அட்டை எடுத்துப் போகச் சொன்னார். ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்து அடுத்த ஞாயிறு திருப்பித் தர வேண்டும். எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. கணக்கப்பிள்ளை வீட்டு அக்காவுக்கு அந்த வசனம் ரொம்பப் பிடித்துவிட்டதாம், பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டாள். அது இருபது.

அதனால் சுஜினிடம் சொல்: இனி எனக்கு எந்தக் காலத்திலும் இருபது விழாது.

இப்போது அண்ணன் கேட்டதற்குப் பதில். காய்ச்சலுக்குப் பதின்மூன்று. நீலி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

இதற்கு மேல் தனித் தாளில் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு: விசில் அடிக்கிறேன். ஜன்னலைத் திறந்து, இரண்டு விரலை வாயில் வைத்து, மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி. பதினாறு எடுத்தேன். கிராம்பு வர வேண்டும். சனிக்கிழமை எல்லார் முன்னாலும் இதைப் படி.

ஜிஸ்மி


மீனாட்சிபுரம்
ஆகஸ்ட் 4, 2024

ஜிஸ்மி,

தனித் தாளை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. மடித்து என் ஜியோமெட்ரி பெட்டியில் வைத்திருக்கிறேன். கோபப்படு. படித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

நேற்று உன் கடிதத்தின் முதல் பகுதியை மட்டும் படித்தேன். பெட்டியைப் பற்றி ரகசியம் என்றாய், ஆனால் நீயே அவ்வளவு விரிவாக எழுதினால் எப்படி மறைப்பது? பிரேம் போட்ட இருபதைக் கேட்டு அண்ணன் தவிட்டு மூட்டையில் விழுந்து விழுந்து சிரித்தான். சுஜின் எழுந்து நின்று, "சாமி, நானு இனி சந்தேகமே பட மாட்டேனுங்கோ" என்று கும்பிட்டான். பிறகு அரை மணி நேரம் எல்லாரும் உன் பேச்சுத்தான். ஜிஸ்மி எப்படிச் சமாளித்தாள், ஜிஸ்மிக்கு என்ன தைரியம், அடுத்த கடிதம் எப்போது வரும்.

நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து, இடத்தைக் கூட்டி, மோர் கரைத்துக் கொடுத்து உட்காருகிறேன். ஒரு வாரம் தவறியதில்லை. நேற்று மழுவரசி ஒற்றை ஆளாகக் கல்லுடம்பன் என்ற அரக்கனை ஆற்றுத் துறையில் தடுத்து நிறுத்தினாள். யாரும் கை தட்டவில்லை. நீ காய்ச்சலில் எழுந்து உட்கார்ந்ததற்குக் கை தட்டினார்கள்.

சரி, அதை விடு. விசில் விஷயம்.

உனக்கு ஒரு விதி தெரியாது. அண்ணன் புத்தகத்தில் காட்டினான். விலங்கின் லெவல் எப்போதும் அதன் எஜமானின் லெவல்தான். எஜமான் மாறினால் அதுவும் மாறும். நான் நேற்று ஆறாம் லெவல், அதுவும் ஆறு. நீ படுத்தே கிடந்ததால் இன்னும் மூன்று. உன்னிடம் வந்தால் அது மூன்றாகிவிடும். தண்ணீரில் மோப்பம் பிடிப்பது, காவல் நிற்பது, எல்லாம் மறந்துபோகும். பழையபடி மடியில் கிடக்கும் குட்டி. அது உனக்கு வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டத்தை நேற்று நடுவில் நிறுத்தியிருக்கிறோம். மழுவரசி துறையில் விழுந்து கிடக்கிறாள், உயிர் இரண்டு புள்ளிதான் மிச்சம். சுஜின் அக்கரையில் மாட்டிக்கொண்டான். எனக்கும் கல்லுடம்பனுக்கும் நடுவில் கிராம்பு நிற்கிறது. நானாகச் சொல்லவில்லை, தானாகவே வந்து நின்றது. நீ விசில் அடித்தால் அது போய்விடும். போனால் அடுத்த அடியில் மழுவரசி தீர்ந்தாள். ஒன்றரை வருடம் ஆடிய ஆள்.

இதெல்லாம் தெரியாமல் எழுதினாய் என்று நினைத்துத்தான் மறைத்தேன். தெரிந்தும் வேண்டும் என்றால் எழுது. அப்போது படிக்கிறேன். உன் பதினாறு என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆர்த்தி


வண்டன்மேடு
ஆகஸ்ட் 13, 2024

ஆர்த்தி,

இந்தக் கடிதத்தை நேற்றே தொடங்கினேன். பாதியில் அம்மா எழுந்துவிட்டாள். "ஏ புள்ள, போர்வைக்குள்ள என்ன வெளிச்சம்?" என்றாள். கட்டுரை என்றேன். "போர்வைக்குள்ளயா கட்டுரை?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாள் என் வயிற்றுக்கு அடியில் இருந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "டார்ச்சுக்கு வேற பேட்டரி வாங்கித் தாரேன். இந்த மங்கல்ல எழுதுனா கண்ணு அவிஞ்சு போகும்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

விதியைப் படித்தேன். மூன்றாம் லெவலுக்கு வந்துவிடும், எல்லாம் மறந்துவிடும், மடியில் கிடக்கும். நன்றாகப் புரிந்தது.

ஆர்த்தி, இடுப்பு உயர நாயை நான் பார்த்ததே இல்லை. வால் கறுத்ததை நீ எழுதித்தான் தெரியும். மான் தின்பது, தண்ணீரில் மோப்பம், காவல், எல்லாம் நீ எழுதித்தான் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் அது கொஞ்சம் வளர்கிறது, கொஞ்சம் உன்னுடையதாகிறது. லிஜி உன் கடிதத்தை நீட்டும்போது இந்த முறை என்ன வளர்ந்திருக்குமோ என்று பிரிக்காமல் பைக்குள் வைத்துக்கொள்கிறேன். நீ என் நாயை நன்றாகத்தான் வளர்க்கிறாய். என்னை விட நன்றாக. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ உன் வீட்டில் இருக்கிறாய். ஆட்டம் உன் வீட்டில் நடக்கிறது. நடத்துகிறவர் உன் அண்ணன். உனக்குக் கை தட்டவில்லை என்கிறாய், சரி. எனக்குத் தட்டியதை நான் கேட்டேனா? நான் இங்கே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா இருமினால் வசனத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பொறாமை என்பாய். ஆமாம்.

சின்னதாகவே வரட்டும். எல்லாவற்றையும் மறந்துவிட்டே வரட்டும். மழுவரசி செத்தால் சாகட்டும் என்று எழுதக் கை வரவில்லை. ஆனாலும் விசில் அடிக்கிறேன். பதினாறு, அதே பதினாறு. உன்னிடம் தாள் இருக்கிறது. படி.

ஜிஸ்மி


மீனாட்சிபுரம்
ஆகஸ்ட் 25, 2024

ஜிஸ்மிக்கு,

படித்தேன். இரண்டு தாளையும் படித்தேன்.

சுஜின்தான் முதலில், "இவளெல்லாம் ஒரு கூட்டாளியா?" என்றான். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஏனம்மிணி, இந்தத் தாள எடுக்காமயே இருந்திருக்கலாமல்லோ?" என்றான். "கடுதாசி வந்துது, படிச்சேன். நீ ஆட்டத்த நடத்து" என்றேன்.

விசில் கேட்டதும் கிராம்பு காதைத் தூக்கியது. என்னைப் பார்த்தது, மலையைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. போய்விட்டது. அண்ணன் அதைச் சீக்கிரம் சொல்லி முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. ஓட ஓடச் சிறிதானதாம். முதல் மேட்டில் முழங்கால் உயரம், காட்டைத் தாண்டும்போது ஒரு பூனை அளவு, சத்திரத்து வாசலுக்கு வரும்போது உனக்குத் தெரிந்த அதே குட்டி.

கல்லுடம்பன் அடித்தான். மழுவரசியை ஆறு இழுத்துக்கொண்டு போனது. நான் உள்ளே போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அம்மா, "விளையாட்டுக்குப் போயி கண்ணுல தண்ணி உடறவள இங்கதான் பாக்கறேன்" என்றாள். நான் தண்ணீர் தெறித்தது என்றேன்.

அண்ணன் ஒரு வழி வைத்திருக்கிறான், எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லச் சொன்னான். விடிவதற்குள் யாராவது மழுவரசியைக் கரையில் கண்டுபிடித்தால் பிழைப்பாள். சுஜினால் ஆற்றைக் கடக்க முடியாது. இந்தக் கரையில் இருப்பது நீலி மட்டும்.

கிராம்பு உள்ளே வந்து உன் படுக்கையில் ஏறியது. ஏறிவிட்டு இறங்கியது. கதவைப் பிறாண்டுகிறது. பத்தோ அதற்கு மேலோ எடுத்தால் உன் மடிக்கு வந்து தூங்கிவிடும். அதற்குக் கீழே என்றால் நீ பிடித்தாலும் நிற்காது, ஆற்றுக்குத்தான் ஓடும். எடுத்து எழுது.

நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நீ எழுதும் எண்ணை அப்படியே படிப்பேன்.

ஆர்த்தி


வண்டன்மேடு
செப்டம்பர் 3, 2024

ஆர்த்தி,

அப்பா நாளைக்குப் பெட்டியை எடுத்துப் போகிறார். அடுத்த எஸ்டேட்டில் புதிதாக ஜெப வீடு தொடங்குகிறார்கள். நம்பர் போட்ட பெட்டியே வேண்டும் என்று ஐயா கேட்டாராம். இதற்குப் பிறகு எதை வைத்து ஆடுவேன் என்று யோசிக்கவில்லை. ஒரு முறைதான் எடுக்கலாம்.

எடுப்பதற்கு முன் நிறைய நேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பத்துக்கு மேல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காக வேண்டிக்கொள்ளலாமா என்றுகூட யோசிக்கவில்லை. மழுவரசி ஆற்றில் கிடக்கிறாள் என்று தெரிந்துதான் வேண்டிக்கொண்டேன். நீ என்ன நினைத்தாலும் சரி.

இரண்டு.

அட்டையைப் போட்டுவிட்டு டார்ச்சை அணைத்தேன். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. பதினேழு என்று எழுதலாம், உனக்கும் தெரியாது, சுஜினும் இனி சந்தேகப்பட மாட்டான். டார்ச்சைப் போட்டேன். பதினேழு என்று எழுதிப் பார்த்தேன், வேறு ஒரு தாளில். கிராம்பு மடியில் ஏறிச் சுருண்டு படுத்ததையும் இரண்டு வரி எழுதினேன். அது தூங்குகிற மாதிரியே இல்லை. கண்ணைத் திறந்துகொண்டு கதவைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. அந்தத் தாளைக் கிழித்துத் தின்றுவிட்டேன், அடுப்பில் போட்டால் வாசம் வரும்.

இரண்டு என்றே படி.

நீலி கதவைத் திறந்துவிட்டாள். காய்ச்சல் விட்டதா என்று அண்ணன் கேட்டால், விடவில்லை, ஆனால் நடப்பாள் என்று சொல். வில்லை ஊன்றிக்கொண்டு நடப்பாள். தண்ணீரில் மோப்பம் பிடிக்கக் கிராம்பு மறந்துவிட்டது, ஆனால் கரையில் தடம் பார்க்க எனக்குத் தெரியும், அது மூன்றாம் லெவலுக்கே தெரியும். நீ கீழே எங்கேயாவது வேரைப் பிடித்துக்கொண்டு கிட. விடிவதற்குள் வந்துவிடுவோம்.

வெளியே மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொல், இங்கே பெய்கிறது. குட்டி முன்னால் ஓடுகிறது. அதன் கால் அவ்வளவு சின்னது, ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்து ஓடுகிறது. நான் பின்னால் நின்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜிஸ்மி